பேப்பர் போடுவதற்கு முன்னால்: நூலகக் கவுண்ட்டரில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

வேலூர் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன். புத்தகம் கொடுத்து வாங்குவதைவிட, ஆய்வேட்டை, பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் மென்பொருளில் ஏற்றி ரிப்போர்ட் எடுத்துத் தரும் வேலைதான் இப்போது அதிகம். குடியாத்தத்திலிருந்தும் ஆரணியிலிருந்தும் காலை பஸ் பிடித்து வரும் ஸ்காலர்கள் அந்த ரிப்போர்ட்டுக்காக நிற்பதைப் பார்த்தால், சிஎம்சி மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரியே இருக்கும். சந்தேகங்களும் ஒரே சந்தேகங்கள்தான். தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

மேடம், ஓப்பன் ஆக்சஸ், காப்பிரைட், பிளேஜியரிசம் மூணும் ஒண்ணுதானே? காப்பி அடிக்கக் கூடாதுன்னு சொல்றதுதானே எல்லாம்?

இல்லை, மூன்றும் மூன்று விஷயம். ஒரு கட்டுரையை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்க முடியுமா என்பது திறந்த அணுகல். அதை அச்சிட, நகலெடுக்க, மொழிபெயர்க்க உரிமை யார் கையில் என்பது பதிப்புரிமை. அதிலிருக்கும் யோசனையும் எழுத்தும் இன்னாருடையது என்று மறைக்காமல் சொன்னீர்களா என்று பார்ப்பதுதான் கருத்துத் திருட்டு விவகாரம்.

ஒன்றில் சுத்தமாக இருந்துகொண்டே இன்னொன்றில் மாட்டலாம். வட ஆற்காடு மாவட்டம் பற்றி ஆர்தர் காக்ஸ் தொகுத்த கையேடு 1881இல் வந்தது. அதன் பதிப்புரிமை எப்போதோ முடிந்துபோனது, முழுவதையும் நீங்களே அச்சடித்து விற்றாலும் கேட்க ஆளில்லை. ஆனால் அதிலிருந்து நாலு பக்கத்தை உங்கள் எழுத்து மாதிரி ஆய்வேட்டில் வைத்தால் அது திருட்டு. போன வருஷம் வந்த ஒரு புத்தகத்திலிருந்து மூன்று அத்தியாயத்தை, ஆசிரியர் பெயரெல்லாம் ஒழுங்காகப் போட்டு, அப்படியே உங்கள் நூலில் சேர்க்கிறீர்கள் என்றால் அது திருட்டில் சேராது, பதிப்புரிமை மீறலில் சேரும்.

காப்புரிமைன்னு எல்லாரும் எழுதறாங்களே, அது பதிப்புரிமைதானே?

பத்திரிகைகளே குழப்பிவிட்டன. காப்புரிமை என்பது பேட்டன்ட். ஆம்பூர் தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவுநீரில் குரோமியத்தைக் குறைக்கப் புதிதாக ஒரு முறை கண்டுபிடித்தால் அதற்கு விண்ணப்பித்துக் காப்புரிமை வாங்க வேண்டும். அந்த முறையை விவரித்து நீங்கள் எழுதும் கட்டுரைக்கோ, எழுதிய கையோடு பதிப்புரிமை வந்துவிடுகிறது, பதிவுகூடத் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: பேட்டன்ட் வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் விண்ணப்பம், அப்புறம்தான் பேப்பர். முந்திக்கொண்டு வெளியிட்டுவிட்டால் 'இது புதிது' என்று சொல்ல முடியாமல் போய்விடும்.

ஓப்பன் ஆக்சஸ்னா நாம காசு கட்டிப் போடற ஜர்னல்தானே?

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள், இதனால்தான் ஏமாறவும் செய்கிறார்கள். 2002இல் திறந்த அணுகலுக்கான புடாபெஸ்ட் அறிக்கை வந்தபோது பேசப்பட்டது படிப்பவரிடம் காசு வாங்கக் கூடாது என்பதுதான். எழுதுபவரிடம் வாங்கியே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பல்கலைக்கழகமோ சங்கமோ செலவை ஏற்றுக்கொண்டு, படிப்பவரிடமும் எழுதுபவரிடமும் பைசா வாங்காமல் நடக்கும் ஆய்விதழ்கள் ஏராளம், அவற்றை 'டயமண்ட்' என்பார்கள். டிஓஏஜே என்ற திறந்த அணுகல் இதழ்ப் பட்டியலில் பெரும்பகுதி கட்டணம் வாங்காத இதழ்கள்தான்.

எழுதுபவர் கட்டணம் கட்டும் வகைக்குப் பெயர் 'கோல்ட்'. அதில் தரமானவையும் உண்டு. சந்தா வாங்கும் இதழிலேயே உங்கள் ஒரு கட்டுரையை மட்டும் காசு கட்டித் திறந்துவைப்பது 'ஹைப்ரிட்'. தொகையைக் கேட்டால் தலை சுற்றும்: நேச்சர் இதழ் 2021இல் இந்த வழியைத் திறந்தபோது ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ என்று வைத்தார்கள். கடைசியாக 'கிரீன்': சந்தா இதழில் போட்டுவிட்டு உங்கள் பிரதியை ஒரு களஞ்சியத்தில், அதாவது கட்டுரைகளைச் சேர்த்துவைக்கும் தளத்தில், நீங்களே இலவசமாக ஏற்றிவைப்பது. கையில் காசில்லாத நமக்கு இதுதான் சரிப்படும். எப்படி என்று கையெழுத்துப் படிவம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

அதெல்லாம் இருக்கட்டும், திறந்து வெச்சா நமக்கு என்ன லாபம்? நம்ம பேப்பரை யார் படிக்கப் போறாங்க?

1970களில் புதிய நெல் ரகங்கள் எப்படிப் பரவுகின்றன என்று பார்க்க கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் வட ஆற்காட்டு கிராமங்களுக்கு வந்து கணக்கெடுத்தார்கள். 1980களில் வாஷிங்டனில் இருக்கும் சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மறுபடி வந்தது. கிணற்றில் எவ்வளவு தண்ணீர், கூலி எவ்வளவு, கடன் யாரிடம் என்று உட்கார்ந்து சொன்னது நம் ஊர்க்காரர்கள். உலகம் முழுக்க அந்த ஆய்வுகளை மேற்கோள் காட்டுகிறார்கள். ஒரு முதுகலை மாணவி, செய்யாறு பக்கத்துப் பெண், தன் தாத்தா காலத்து விவசாயத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று அதையொட்டிய ஒரு கட்டுரையைத் தேடினாள். திரையில் வந்தது கட்டுரை அல்ல, டாலரில் விலை. நம் மண்ணைப் பற்றி எழுதியதை நாம் படிக்கக் காசு. யார் படிப்பார்கள் என்று நீங்கள் கேட்கிறீர்கள், அந்த மாதிரி ஒரு பெண் படிப்பாள்.

எங்க காலேஜ்ல சந்தா கிடையாது. ஒரு பேப்பர் வேணும்னா நேரா சை-ஹப்தானே?

சந்தாக் கட்டுரைகளைப் பதிப்பகத்தின் அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும் தளம் அது, அங்கே போகச் சொல்லி என்னால் எழுத முடியாது. எல்செவியர், வைலி, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி மூன்றும் சேர்ந்து 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன, 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை இந்தியாவில் முடக்கச் சொல்லி உத்தரவும் வந்தது. அதற்கு முன் செய்ய வேண்டியதை யாரும் செய்வதில்லை என்பதுதான் என் வருத்தம். கூகுள் ஸ்காலரில் கட்டுரைத் தலைப்புக்குக் கீழே 'எல்லாப் பதிப்புகளும்' என்று ஒரு இணைப்பு இருக்கும், அதை அழுத்திப் பாருங்கள், பாதி நேரம் ஏதாவது பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இலவசப் பிரதி கிடக்கும். அன்பேவால் என்ற நீட்சியை உலாவியில் போட்டுக்கொண்டால் அதுவே தேடித் தரும். ஆய்வேடு என்றால், இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்துவைத்திருக்கும் சோத்கங்கா தளம். எதுவும் கிடைக்காவிட்டால் ஆசிரியருக்கு மரியாதையாக நாலு வரி மெயில் போடுங்கள். எழுதியவருக்கு, தன்னைப் படிக்க ஒருவர் கேட்கிறார் என்பதைவிடச் சந்தோஷம் வேறில்லை, அநேகமாக அனுப்பிவிடுவார்.

அரசுக் கல்லூரி, அரசுப் பல்கலைக்கழகம் என்றால் 'ஒரு நாடு ஒரு சந்தா' திட்டம் இருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். உள்ளே நுழைய உங்கள் நூலகரிடம் கேளுங்கள். தனியார் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை. பாலாற்றுக்கு இந்தக் கரையில் இருப்பவருக்குக் கிடைப்பது அந்தக் கரையில் இருப்பவருக்குக் கிடைக்காது.

மூணு நாள்ல ரிவ்யூ, ஏழு நாள்ல பப்ளிஷ், 2,500 ரூபாய் ஜிபே பண்ணினா போதும்னு வாட்ஸ்அப்ல வந்தது. நம்பலாமா?

வேண்டாம். உங்கள் துறையில் இரண்டு பேர் உட்கார்ந்து, படித்து, குறை எழுதித் தர மூன்று நாள் போதுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். 2013இல் சயன்ஸ் இதழுக்காக ஜான் பொஹன்னன் என்பவர், வேண்டுமென்றே பிழைகள் வைத்து ஒரு போலிக் கட்டுரை தயாரித்து 304 திறந்த அணுகல் இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் பதிப்பகத்தின் மேல் அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில் 2019இல் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஆக இது வாட்ஸ்அப் விளையாட்டு மட்டும் இல்லை, பெரிய வியாபாரம்.

ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதே என்பார்கள். அது இதழை அடையாளம் காட்டும் எண் மட்டும், வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி, வண்டி ஓடும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்குக்குப் பெயர் இம்பாக்ட் ஃபாக்டர். 'இம்பாக்ட் ஃபாக்டர் 7.8' என்று முகப்பில் கொட்டை எழுத்தில் இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருக்கிறது என்றால் அவர்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்க்காமல் ஸ்கோபஸ் தளத்துக்கே போய்த் தேடுங்கள், ஏனென்றால் உண்மையான இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர் குழுவில் இருக்கும் ஒருவருக்கு மெயில் போட்டு 'நீங்கள் இதில் இருக்கிறீர்களா' என்று கேட்டால் சில நேரம் அவருக்கே அப்போதுதான் தெரியவரும்.

யுஜிசி கேர் லிஸ்ட்ல இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க, போதும்.

ஏற்கத்தக்க இதழ்கள் என்று யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, வைத்திருந்த அந்தப் பட்டியலை 2025 பிப்ரவரியில் அதுவே கைவிட்டுவிட்டது. இப்போது இருப்பது இதழைத் தேர்ந்தெடுக்க உதவும் சில அளவுகோல்கள் மட்டும், முடிவு கல்வி நிறுவனங்களின் கையில். இன்னமும் 'கேர் லிஸ்ட் அப்ரூவ்டு' என்று விளம்பரம் வந்தால் அதுவே போதுமான அடையாளம். இன்னொன்று, பிஎச்டிக்குப் பேப்பர் கட்டாயம் என்ற விதியையும் 2022 ஒழுங்குமுறையில் யுஜிசி எடுத்துவிட்டது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்திருக்கலாம், அதனால் துறையில் கேட்காமல் குதிக்காதீர்கள்.

பெரிய பதிப்பகம் என்றால் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றும் இல்லை. வைலிக்குச் சொந்தமான ஹிந்தாவி இதழ்களிலிருந்து 2023இல் மட்டும் 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

பத்து பர்சன்ட்டுக்குக் கீழ வந்துட்டா பாஸ்தானே மேடம்?

ஒரு நாளைக்கு நாலு தடவை இந்தக் கேள்வி. 2018இல் வந்த யுஜிசி விதிமுறையில் ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்கவே முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவு ரத்து. இது மாணவர்களுக்கு. ஆசிரியர்கள் மாட்டினால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், அளவு கூடினால் சம்பள உயர்வும் சில ஆண்டுக்கு நெறியாளராக இருக்கும் தகுதியும் போகும். இந்தப் பகுதியை ஏனோ யாரும் என்னிடம் கேட்பதில்லை.

ஆனால் மென்பொருள் கண்டுபிடிப்பது ஒப்புமையை. திருட்டைக் கண்டுபிடிக்க அதற்குத் தெரியாது. 4 சதவீதம் வந்த ஆய்வேட்டில் அந்த 4 சதவீதமும் இன்னொருவருடைய முடிவுரையாக இருந்தால் அது திருட்டுதான். 22 வந்ததில் முழுக்க முழுக்கச் சோதனை முறை விவரிப்பும் மேற்கோளுமாக இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று ஒரு நல்ல நெறியாளர் சொல்லிவிடுவார். நான் கொடுப்பது எக்ஸ்ரே, வைத்தியம் சொல்ல வேண்டியது துறையிலும் நிறுவனத்திலும் இருக்கும் நேர்மைக் குழு. 10 சதவீதம் என்பதை 'பத்து சதவீதம் திருடிக்கொள்ளலாம்' என்று அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்வதுதான் எனக்கு எரிச்சல்.

எனக்கு 34 காட்டுது. நான் சத்தியமா காப்பி அடிக்கலை!

நம்புகிறேன். முதலில் எதையெல்லாம் சேர்த்து எண்ணியிருக்கிறது என்று பாருங்கள். துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, உரிய முறையில் பெயர் சொல்லிக் காட்டிய மேற்கோள், சட்ட வாசகம், நிலையான சமன்பாடுகள் இவற்றையெல்லாம் கழிக்க அதே விதிமுறை சொல்கிறது. பொது அறிவாகவோ தற்செயலாகவோ ஒத்துப்போகும் தொடர்ச்சியான 14 சொற்கள் வரையும் விலக்கு. இவற்றைக் கழித்து மறுபடி ஓட்டினால் 34 பெரும்பாலும் பதினைந்துக்கு வந்து நிற்கும். மிச்சமிருக்கும் வண்ணமடித்த வரிகளை ஒவ்வொன்றாக நீங்களே உட்கார்ந்து பாருங்கள். எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

வார்த்தையை மாத்திக் கொடுக்கற ஆப் இருக்கே, அதுல போட்டு எடுத்தா?

போட்டுப் பார்த்தவர்கள் என்ன ஆனார்கள் என்று சொல்கிறேன். 2021இல் கியோம் கபனாக் என்பவரும் உடன் இருவரும் ஆய்விதழ்களில் விசித்திரமான சொற்கள் வருவதைக் கவனித்தார்கள். 'பிரெஸ்ட் கேன்சர்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பூசம் பெரில்', அதாவது மார்பின் ஆபத்து. 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'கவுண்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்', கள்ள உணர்வு! சொல் மாற்றும் கருவியில் போட்டெடுத்ததை யாரும் திரும்பப் படிக்கவேயில்லை. அவற்றுக்குச் 'சித்திரவதைப்பட்ட சொற்றொடர்கள்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள், இப்போது அந்தச் சொற்களைத் தேடியே கட்டுரைகளைப் பிடிக்கிறார்கள்.

சொல்லை மாற்றினாலும் யோசனை அவருடையதுதானே. படித்துவிட்டு மூலத்தை மூடிவைத்து, உங்கள் நெறியாளரிடம் வாய்மொழியாகச் சொல்வது போல் எழுதி, 'இதை இவர் சொன்னார்' என்று குறியுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் சரி. சாட்ஜிபிடி பற்றிக் கேட்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: பதிப்பு நெறிக்கான கோப் குழு, இந்தக் கருவிகளை ஆசிரியராகப் போடக் கூடாது, பயன்படுத்தியிருந்தால் எப்படி என்று சொல்ல வேண்டும் என்கிறது. அது தரும் மேற்கோள் பட்டியலில் இல்லாத கட்டுரைகளும் இருக்கும், நானே தேடிச் சலித்திருக்கிறேன்.

என் தீசிஸ் தமிழ். ஜீரோ வந்திருக்கு! ட்ரீட் வெக்கணுமா?

எந்த எழுத்துருவில் அடித்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் இருந்தால் உங்கள் கண்ணுக்குத்தான் அது தமிழ். மென்பொருளுக்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. குப்பைக்கு ஒப்புமை எங்கே கிடைக்கும், ஜீரோதான் வரும். யூனிகோடுக்கு மாற்றிக் கொடுங்கள் என்றால் 'டிடிபி சென்டரில் அப்படித்தான் அடித்தார்கள்' என்பார்கள். மாற்றினாலும் தமிழ் நூல்களில் பெரும்பகுதி இணையத்தில் எழுத்து வடிவில் இல்லை, ஸ்கேன் படமாகத்தான் கிடக்கிறது, அதனால் எண் குறைவாகவே வரும். தமிழில் திருடுவது சுலபம், பிடிப்பது கஷ்டம் என்பதுதான் நிலைமை. ஆனால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் உட்காரும் பேராசிரியர் அந்தப் புத்தகத்தை முப்பது வருஷம் பாடம் நடத்தியவராக இருப்பார்.

இங்கிலீஷ் புக்ல இருந்து நானே தமிழாக்கம் பண்ணிப் போட்டா? வார்த்தை எல்லாம் என்னுதுதானே?

வார்த்தை உங்களுடையது, சரக்கு அவருடையது. பெயர் சொல்லாவிட்டால் திருட்டு. மென்பொருளில் வரவில்லை என்பதெல்லாம் சாட்சி ஆகாது. சட்டப்படி மொழிபெயர்க்கும் உரிமையும் பதிப்புரிமைக்குள்தான் வருகிறது, ஆகையால் முழு அத்தியாயம், முழு நூல் என்று போனால் அனுமதி வேண்டும். ஆராய்ச்சிக்காகவோ விமர்சனத்துக்காகவோ சில பத்திகளை மொழிபெயர்த்து, மூலத்தைக் குறித்து எடுத்தாள்வதற்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது.

கட்டுரையில் 'சிசி பை' என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருந்தால் யோகம்தான், பெயரைக் குறிப்பிட்டுவிட்டு முழுவதையும் தமிழாக்கலாம். அதோடு 'என்டி' ஒட்டியிருந்தால் மாற்றியதை வெளியிட முடியாது, மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். 'என்சி' இருந்தால் வியாபாரத்துக்குக் கூடாது. இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது என்பதாலேயே எல்லாம் செய்யலாம் என்று ஆகாது, அடியில் இருக்கும் அந்த இரண்டு எழுத்தைப் பார்க்க வேண்டும்.

சங்கப் பாட்டு, பழைய உரை, நாட்டுடைமை நூல் எல்லாம் பொதுச் சொத்துதானே? அதுக்கு எதுக்கு மேற்கோள் குறி?

பாட்டு பொதுச் சொத்து. உரை எழுதியவர் எப்போது காலமானார் என்று பார்க்க வேண்டும்: இந்தியாவில் ஆசிரியர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 60 ஆண்டும். உ.வே.சா. 1942இல் மறைந்தார், அவர் எழுத்துக்கு 2002 முடிவோடு உரிமை தீர்ந்தது. முன்பு இது 50 ஆண்டாகத்தான் இருந்தது. 1941இல் மறைந்த தாகூரின் எழுத்துக்குக் கெடு முடியும் நேரத்தில் அறுபதாக நீட்டினார்கள், அந்தப் பத்தாண்டு எல்லோருக்கும் கிடைத்தது. நாட்டுடைமை என்றால் அரசு பணம் கொடுத்து உரிமையை மக்களுக்குத் திறந்துவிட்டது என்று பொருள், யார் வேண்டுமானாலும் அச்சிடலாம்.

இதெல்லாம் பதிப்புரிமை சமாசாரம். முதல் கேள்வியில் சொன்ன மாதிரி, உரிமை முடிந்தாலும் பெயர் முடிவதில்லை. நம் இலக்கணக்காரர்கள் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரித்து வைத்தவர்கள், எது எதிலிருந்து வந்தது என்று சொல்வது நமக்குப் புதுசு இல்லை. அதோடு மேற்கோள் குறி போட்டால்தான் மென்பொருளிலும் மேற்கோளைக் கழிக்க முடியும். புறநானூற்றுப் பாட்டுகளை வெறுமனே ஒட்டிவிட்டு 28 வந்து அழுதவர்கள் உண்டு.

என் பேப்பரை என் தீசிஸ்ல நானே போட்டா அதுவுமா திருட்டு? என் வீட்ல நானே திருடுவேனா?

நல்ல கேள்வி, ஆனால் ஆமாம், ஆகலாம். முன்பு வெளியிட்டதைச் சொல்லாமல் புதிது போல் மறுபடி கொடுத்து அதில் லாபம் பார்ப்பது ஏற்கத்தக்கதல்ல என்று 2020 ஏப்ரலில் யுஜிசி அறிவிப்பே விட்டது. ஒரே பேப்பரைத் தலைப்பு மாற்றி இரண்டு இதழில் போட்டுப் பதவி உயர்வுக்குக் காட்டுவதைத்தான் அது குறிவைக்கிறது. பிஎச்டிக்காகச் செய்த ஆய்வைப் பேப்பராகப் போட்டு, ஆய்வேட்டில் 'இந்த அத்தியாயம் இந்த இதழில் வந்தது' என்று சொன்னால் பிரச்சினை இல்லை. ரிப்போர்ட்டில் உங்கள் பேப்பரே ஒப்புமையாக வந்தால் அந்த மூலத்தை மட்டும் விலக்கி எடுக்கலாம், நெறியாளரின் கடிதம் கொண்டு வாருங்கள்.

காப்பிரைட் ஃபார்ம் வந்தது, படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். என்ன குடுத்துட்டேன்?

படித்துவிட்டுப் போட்டவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. சந்தா இதழ்களில் பெரும்பாலும் மொத்த உரிமையையும் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். நிலம் கிரையம் பண்ணுவதற்கு ஆற்காடு வரைக்கும் போய் வில்லங்கம் பார்க்கிறோம், இதை ஒரு கிளிக்கில் முடிக்கிறோம். பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். பெரிய பதிப்பகத்துப் படிவங்களில் இரண்டையும் தெளிவாக எழுதியிருப்பார்கள், அந்த ஓட்டையெல்லாம் கிடைக்காது. ஆசிரியர் நீங்கள்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை மட்டும் 57ஆம் பிரிவுப்படி எழுதிக் கொடுத்த பிறகும் உங்களிடமே இருக்கும்.

மேலே 'கிரீன்' என்று சொன்னேனே, அது இங்கேதான். உங்கள் கட்டுரைக்கு மூன்று பிறவி: இதழுக்கு அனுப்பியது, மதிப்பீட்டாளர் சொன்னபடி திருத்தி ஏற்கப்பட்டது, அவர்கள் பக்கம் அமைத்து அச்சிட்ட பிடிஎஃப். முதல் பிறவியைப் பல இதழ்கள் உடனே ஏற்ற விடுகின்றன, இயற்பியல்காரர்கள் 1991இலிருந்தே ஆர்க்சிவ் என்ற களஞ்சியத்தில் இதைச் செய்கிறார்கள். இரண்டாவதைப் பெரும்பாலும் ஓராண்டோ இரண்டாண்டோ கழித்துக் களஞ்சியத்தில் வைக்கலாம். மூன்றாவதை ரிசர்ச்கேட் என்ற ஆய்வாளர் வலைத்தளத்தில் ஏற்றுவதுதான் எல்லோரும் செய்வது, அதுதான் கூடாதது. எல்லாவற்றுக்கும் மேல், ஏற்கப்பட்ட அந்த வேர்ட் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

இன்னொருத்தர் பேப்பர்ல இருந்த மேப்பை சோர்ஸ் போட்டு எடுத்துக்கிட்டேன். போதாதா?

ஆய்வேட்டுக்குப் பெரும்பாலும் போதும். இதழில் வெளியிடும்போது போதாது, அந்தப் படத்தின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கச் சொல்வார்கள். உரிமையை எழுதிக் கொடுத்துவிட்ட உங்கள் சொந்தப் பழைய படத்துக்கும் அதே கதை. ஆனால் தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது. பாலாற்றுப் படுகைக் கிணறுகளின் அளவீடுகளை எடுத்து நீங்களே புதிதாக வரைபடம் வரைந்து, எண்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்லிவிட்டால் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம்.

முழு புக்கையும் ஜெராக்ஸ் எடுத்துக்கலாம்னு கோர்ட்டே சொல்லிடுச்சாமே?

அப்படிச் சொல்லவில்லை. 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் மூன்று பதிப்பகங்கள் டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை மேல் வழக்குப் போட்டன. 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம், பாடத்திட்டத்துக்காகப் பல நூல்களிலிருந்து பகுதிகளைத் தொகுத்து நகலெடுப்பது கல்விக்கான விலக்கில் வரும் என்றது. பாடம் நடத்தத் தேவையான அளவு என்பதுதான் அங்கே முக்கியம். முழுப் புத்தகத்தையும் பைண்டு போட்டு வகுப்பு முழுக்க விற்பதை அதோடு சேர்க்க முடியாது.

பெரிய பெரிய ஆளுங்க மேலயும் இந்தப் புகார் வந்திருக்கா, இல்ல ஏழை ஸ்காலர் மேல மட்டும்தானா?

நம் ஊர் வூரீஸ் கல்லூரியில் படித்தவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் மேலேயே வந்திருக்கிறது. 1929இல் ஜதுநாத் சின்கா என்ற ஆய்வாளர், தன் ஆய்வேட்டிலிருந்து பகுதிகளை ராதாகிருஷ்ணன் தன் இந்தியத் தத்துவ நூலின் இரண்டாம் தொகுதியில் எடுத்துக்கொண்டார் என்று மாடர்ன் ரிவ்யூ இதழில் எழுதினார், கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் பதிப்புரிமை வழக்கும் போட்டார். இருவரும் ஒரே சமஸ்கிருத மூலங்களை விளக்கும்போது ஒத்துப்போவது இயல்பு என்பது ராதாகிருஷ்ணன் தரப்பு, அவர் பதிலுக்கு அவதூறு வழக்குப் போட்டார். 1933இல் வெளியே சமரசமாகி முடிந்தது, எவர் சொன்னது சரி என்று தீர்ப்பு எதுவும் வரவில்லை. மென்பொருள் இல்லாத காலத்திலும் இரண்டு நூலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு ஆள் இருந்தார்.

நான் எழுதின பேப்பர்ல கைடு பேர் முதல்ல, அவர் நண்பர் பேர் ரெண்டாவதா. இது எதுல வரும்?

பதிப்புரிமையிலும் வராது, ஒப்புமை ரிப்போர்ட்டிலும் வராது, அதனால்தான் இது தடையில்லாமல் நடக்கிறது. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது: ஆய்வில் முக்கியப் பங்கு, எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுவதற்கும் பொறுப்பு. நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். நண்பர் இந்த நான்கில் எதில் வருகிறார் என்று உங்கள் கைடிடம் கேளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். இதழ் அனுப்பும் 'யார் என்ன செய்தார்கள்' படிவத்தை மட்டும் நீங்களே நிரப்பி எல்லோருக்கும் மெயிலில் நகல் போடுங்கள். எழுத்தில் இருந்துவிட்டால் சில பெயர்கள் தாமாகவே உதிர்வதைப் பார்த்திருக்கிறேன்.

காசு கட்டியாச்சு. போலி ஜர்னல்னு இப்பத்தான் தெரியுது. பேப்பரை வேற நல்ல இடத்துக்கு அனுப்பலாமா?

இன்னும் வெளிவரவில்லை என்றால் முதலில் படிவத்தில் கையெழுத்துப் போடுவதை நிறுத்துங்கள். மேலே சொன்ன 19ஆம் பிரிவுப்படி எழுத்தில் கொடுக்காதவரை உரிமை உங்களிடம்தான். 'திரும்பப் பெறுகிறேன்' என்று தேதி போட்டு மெயில் அனுப்பி, பதில் வாங்கிய பிறகு வேறு இதழுக்கு அனுப்புங்கள், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருந்தால் நல்ல இதழ் உங்களைத்தான் தப்பாக நினைக்கும். வெளிவந்தே விட்டது என்றால் அதே பேப்பரைப் புதிது போல் வேறு இடத்தில் போடக் கூடாது. புது இதழின் ஆசிரியருக்கு நடந்ததை மறைக்காமல் எழுதிக் கேளுங்கள், சிலர் புரிந்துகொள்வார்கள், சிலர் மாட்டார்கள்.

அரக்கோணத்திலிருந்து வந்த ஒரு தம்பி திரும்பப் பெறுகிறேன் என்று எழுதியதும், 'வித்ட்ராயல் கட்டணம்' 4,000 ரூபாய் கேட்டுப் பதில் வந்தது. போட்ட காசைவிட எடுக்கக் காசு அதிகம். கட்டாதே என்றேன். மூன்று மெயிலுக்கும் அதே பதில், நாலாவதில் அந்த மூன்றையும் இணைத்து, அவர்கள் ஆசிரியர் குழுவில் பெயர் போட்டிருந்த பேராசிரியர்கள் எல்லோருக்கும் நகல் அனுப்பினான். மறுநாள் காலை தளத்தில் அவன் பேப்பர் இல்லை.